புளிச்சைக் கீரைத் தண்டும் ஹெம்ப் என்னும் மூலப்பொருளும்

பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் புளிச்சைக் கீரை வாங்கினால், இலையை ஆய்ந்த பின் தண்டை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். முற்றிய தண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, நடுவில் ஒடித்து, இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டை உடனே முறிந்துவிடும், வெளித்தோல் முறியாது. அது நீண்ட நாடாவாக உரிந்து வரும். அந்த நாடாவை நகத்தால் கீறினால் இழை இழையாகப் பிரியும். சில இழைகளைச் சேர்த்துக் கையில் சுற்றி இழுத்தால் விரல் வலிக்குமே தவிர எளிதில் அறுந்து போகாது. ஹெம்ப் என்ற தொழிற்பயிரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி இந்தத் தண்டிலேயே இருக்கிறது: வெளியே வலுவான பட்டை நார், உள்ளே எடை குறைந்த கட்டை, இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் பசை.

புளிச்சைக்கும் ஹெம்புக்கும் பெயரளவில் ஒரு தொடர்பும் உண்டு. புளிச்சையின் ஓர் இனத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் ஹிபிஸ்கஸ் கன்னாபினஸ்; கன்னாபிஸைப் போன்றது என்று அதற்குப் பொருள். அந்தக் கன்னாபிஸ் சட்டைவாதான் ஹெம்ப் செடி. நாம் கஞ்சா என்று அறிந்திருக்கும் செடியும் அதே இனம்தான். இதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பீன்யாவில் கார் உள்பாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் மூலப்பொருள் கொள்முதலைக் கவனிக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு பழகிவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சணல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அரிசி மூட்டையும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையும். அந்தச் சணல் வங்காளத்தில் விளையும் ஜூட், கன்னாபிஸுக்கு உறவில்லாத வேறு செடி. உழவர்கள் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழும் சணப்பு இன்னொன்று. அது பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த குரோட்டலேரியா. ஆங்கிலத்தில் சணப்புக்கு சன் ஹெம்ப் என்று பெயர் இருப்பதால், அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள் ஹெம்ப் வரும் இடத்தில் சணப்பையும் சணலையும் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறார்கள். மணிலா ஹெம்ப் என்று கயிற்றுக் கடையில் விற்பதோ வாழை இனத்து நார். கயிறு திரிக்க உதவும் நார் எதுவானாலும் அதற்கு ஹெம்ப் என்று பெயர் வைத்துவிட்ட பாய்மரக் கப்பல் காலத்தின் மிச்சம் இது. ஆகவே இக்கட்டுரையில் ஹெம்ப் என்று நான் சொல்வது, கன்னாபிஸ் சட்டைவாவில் போதைத்தன்மை மிகக் குறைந்த வகைகளை மட்டுமே.

சீரகச் சம்பாவும் பொன்னியும் நெல் என்ற ஒரே இனத்தின் இரு வகைகள். ஆனால் பிரியாணிக்கு எது, பழைய சோற்றுக்கு எது என்று நமக்குத் தெரியும். ஹெம்புக்கும் கஞ்சாவுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ அப்படிப்பட்டதே. மயக்கம் தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள், முக்கியமாகப் பெண் செடியின் பூங்கொத்தில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் உருவாகிறது. போதைக்காக வளர்க்கப்படும் இன்றைய வகைகளில் அது பூவின் உலர் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஹெம்பில் அது 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்த 0.3 என்ற எண், கனடாவின் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்காவின் ஆர்தர் குரோன்கிஸ்ட்டும் 1976இல் வகைப்பாட்டு வசதிக்காக இழுத்த ஒரு கோடு. தாவரவியலார் தங்கள் வசதிக்குப் போட்ட கோட்டைப் பின்னாளில் சட்டங்கள் எடுத்துக்கொண்டன. அமெரிக்கா 2018ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்தில் அதை ஏற்றது, 0.2 சதவீதத்தில் நின்றிருந்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் 0.3க்கு வந்தது. ஹெம்ப் துணியில் போதை இருக்குமா என்று என்னிடம் உண்மையாகவே கேட்டவர்கள் உண்டு. தண்டு நாரில் அதற்கு வழியில்லை; அந்தச் சட்டையைக் கொளுத்தி மோந்தால் தலைவலி வரும், அவ்வளவுதான்.

நாருக்காக வளர்க்கும்போது விதையை நெருக்கித் தெளிப்பார்கள். சதுர மீட்டருக்கு 100 செடிகளுக்கு மேல் நிற்கும்போது, ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்காகப் போட்டியிட்டு, கிளை விடாமல், 2 முதல் 4 மீட்டர் வரை நேராக மேலே ஓடும். சில வாரங்களிலேயே தரை முழுவதும் நிழலாகிவிடுவதால் களை தலையெடுக்க முடியாது. களைக்கொல்லிக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. ஏறத்தாழ 100 முதல் 120 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். பருத்தியோடு ஒப்பிட்டால் நீரும் பூச்சிமருந்தும் குறைவாகவே தேவைப்படும். ஆனால் தண்ணீரே வேண்டாம், உரமே வேண்டாம் என்று விளம்பரங்களில் எழுதுவது மிகை. ஹெம்ப் தழைச்சத்தை நன்றாகவே உண்ணும் பயிர். நீர் தேங்கும் நிலத்தில் அதன் வேர் தாங்காது. மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணைச் சுத்தம் செய்ய இது நல்ல குணம். அப்படிப்பட்ட நிலத்து விதையை உணவுக்கு எடுப்பதாக இருந்தால் ஆபத்தான குணம்.

ஆக, செடியை வளர்ப்பது பெரிய வித்தை அன்று. வெட்டிய தண்டு ஆலைக்கு ஏற்ற பொருளாக மாறும் இடைவழியில்தான் இந்தத் தொழிலின் பசுமையும் லாபமும் நிலைப்பதும் தொலைவதும் தீர்மானமாகின்றன. இணையத்தில் வரும் பெரும்பாலான புகழுரைகள் இந்த இடைவழியை ஒரே வரியில் தாண்டிவிடுவதால், நான் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன்.

உலர்ந்த தண்டின் எடையில் பட்டை நார் 20 முதல் 30 சதவீதம். மீதி பெரும்பாலும் உள்ளே இருக்கும் கட்டை. தொழிலில் அதை ஹர்ட் அல்லது ஷிவ் என்பார்கள். நான் தக்கை என்றே சொல்கிறேன். நாரையும் தக்கையையும் பிணைத்து வைத்திருப்பது பெக்டின், கொய்யா ஜெல்லியை உறையவைக்கும் அதே பெக்டின். குமரி மாவட்டத்தில் தேங்காய் மட்டையை நீரில் ஊறப்போட்டு, நுண்ணுயிர்கள் அதன் பசையைத் தின்ற பிறகு அடித்து நார் எடுப்பார்களே, அதே உத்திதான் இங்கும். வெட்டிய தண்டை வயலிலேயே பரப்பி, இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் சில வாரங்கள் கிடக்கவிடுவது ஐரோப்பிய வழக்கம். குளத்து நீரில் அமிழ்த்துவது ஆசியாவின் பழைய வழக்கம். நீரில் ஊறிய நார் வெண்மையாகவும் சீராகவும் இருக்கும். ஆனால் அந்த நீரில் கரிமக் கழிவு கலந்து பிராணவாயு குறைந்து மீன் செத்துப்போகும், நாற்றம் ஊரைத் தூக்கும். பனியில் ஊறிய நாருக்கு வானிலைதான் முதலாளி. ஊறல் போதாவிட்டால் நார் உரியாது. மிஞ்சினால் பசையைத் தின்ற பூஞ்சை நாரையும் தின்னத் தொடங்கிவிடும். இட்லி மாவு புளித்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. இதுவும் அப்படி, கைப்பதம் தெரிந்த வேலை.

ஊறிக் காய்ந்த தண்டைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே செலுத்தினால் தக்கை சில்லுகளாக உடைந்து கீழே உதிரும். நார் நீளமாக மேலே நகர்ந்து வெளியே வரும். இந்த நார் உரிக்கும் இயந்திரத்துக்கு ஒரு பூகோளக் கட்டுப்பாடு உண்டு. ஓசூர் சாலையில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து வரும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: எடையில் அது நிறைவதில்லை, இடத்தில் நிறைந்துவிடும். ஹெம்ப் தண்டும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஆலையை வைத்தால், மிச்சப்படுத்திய கரிமத்தையும் காசையும் டீசல் தின்றுவிடும். ஆகவே வயல்களுக்கு நடுவில், போக வர எட்டும் தூரத்தில், இயந்திரம் இருக்க வேண்டும். இயந்திரத்தில் பணம் போடுபவரோ சுற்றிலும் போதுமான வயல் இருந்தால்தான் வருவார். எது முதலில் என்ற இந்தச் சிக்கலில்தான் பல நாடுகளில் ஹெம்ப் முயற்சிகள் தடுக்கி விழுந்திருக்கின்றன.

கணக்கைச் சிறியதாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 8 டன் உலர் தண்டு கிடைத்ததாகக் கொண்டால், 2 டன் அளவுக்குப் பட்டை நார் வரும். 5 டன்னுக்கு மேல் தக்கை சேரும். மீதி தூசியும் சிதறலும். நாரை மட்டும் விற்றுத் தக்கையை எரித்துவிடும் ஆலையில், 2 டன் நாரே 8 டன்னின் செலவையும் சுமக்க வேண்டியிருக்கும். அந்த விலையில் யாரும் வாங்கமாட்டார்கள். கரும்பாலை தன் சக்கையை எரித்து மின்சாரமும், கசடிலிருந்து ஆல்கஹாலும் எடுத்துச் சர்க்கரையின் சுமையைக் குறைப்பதைப் போல, தக்கைக்கு விலை கிடைத்தால்தான் நார் கட்டுப்படியாகும். ஹெம்பைப் பற்றி யாராவது உங்களிடம் பெருமையாகப் பேசினால், நாரைப் பற்றிக் கேட்காமல், தக்கையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

இனி அந்த நார் எங்கே போகிறது என்று பார்க்கலாம். துணிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஹெம்ப் நாரின் ஒவ்வொரு செல்லும் சராசரியாக 20 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சணலின் செல் சில மில்லிமீட்டர்தான், நாரை மரம்போல் விறைப்பாக்கும் லிக்னினும் அதில் கூடுதல். சணல் சாக்காக நின்றுவிட, ஹெம்ப் சட்டைத் துணியாக முடிந்ததற்கு இது ஒரு காரணம். ஓவியர்கள் வரையும் கான்வாஸ் துணியின் பெயரே கன்னாபிஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்றைய நூற்பாலைகள் பருத்தியின் நீளத்துக்கும் மென்மைக்கும் என்று அமைக்கப்பட்டவை. அவற்றில் ஓட்ட வேண்டுமானால் ஹெம்ப் நாரின் பசையை நீக்கி, பருத்தி அளவுக்கு வெட்டி, மென்மைப்படுத்தி, பருத்தியோடு கலக்க வேண்டும். கடைகளில் ஹெம்ப் என்று கிடைக்கும் துணிகளில் பல இப்படிப்பட்ட கலப்புகளே. பசை நீக்கத்துக்குக் காஸ்டிக் சோடாவும் நீராவியும் செலவாகின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பெல்லந்தூர் ஏரியின் நுரையைப் பார்த்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கான ஹெம்பில் சீனாவே முன்னணியில் இருப்பதற்கு, விளைநிலத்தைவிட இந்த நடுக்கட்ட ஆலைகள் அங்கே இருப்பதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

எனக்கு நெருக்கமானது கார் கதவின் உட்பலகை. இயற்கை நாரையும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து, ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னிய கம்பளி போன்ற விரிப்பாக அது எங்களிடம் வரும். விரித்து மோந்து பார்த்தால் மழைக்கு முந்தைய வைக்கோல் போரின் வாசனை. அதைச் சூடாக்கி அச்சில் வைத்து அழுத்தினால், பிளாஸ்டிக் இழை உருகி நாரைச் சுற்றிப் படிந்து, ஒரு நிமிடத்தில் விறைப்பான பலகையாகிவிடும். பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி அளவில் உருகும். நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் 200 டிகிரியைத் தாண்டினால் பழுப்பேறத் தொடங்கும். இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் எங்கள் பிழைப்பு. ஒருமுறை அச்சின் வெப்ப உணரி பழுதாகி, காட்டிய அளவுக்கும் உண்மையான சூட்டுக்கும் சம்பந்தமில்லாமல் போனது. திறந்து பார்த்தபோது பலகை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது, கூடம் முழுவதும் வறுத்த கடலைத் தோல் கருகிய வாடை. மழைக்காலத்தில் வேறு தொல்லை. நார் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், முன்கூட்டி உலர்த்தாமல் அழுத்தினால் நீராவி வெளியேற வழியின்றிப் பலகையில் அப்பளக் கொப்புளம் போடும்.

எங்களுக்கு வழக்கமாக வருவது சணல் நார். ஹெம்ப் மாதிரிகளைச் சில தடவை கையில் வைத்துச் சோதித்திருக்கிறேன். அதில் லிக்னின் குறைவு, இழை வலுவானது. கண்ணாடி நாரின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு 2.5 கிராம் அளவு, ஹெம்பின் அடர்த்தி 1.5 கிராம் அளவு. வண்டியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் அதன் ஆயுள் முழுவதும் எரிபொருளை மிச்சப்படுத்தும். கண்ணாடி நாரைக் கையாண்டவர்களுக்குத் தெரியும், முழங்கையில் பட்டால் இரவு முழுவதும் அரிப்பு. ஹெம்பில் அது இல்லை. முழு வலிமையில் கண்ணாடி நாரை ஹெம்ப் எட்டாது என்பதால், தாங்கும் பாகங்களுக்கு இது ஏற்றதன்று, மூடும் பாகங்களுக்கே ஏற்றது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பாலிபுரொப்பிலீன் கலந்த பிறகு அது மண்ணில் மக்காது. பிளாஸ்டிக்கைப் பாதியாகக் குறைத்த பலகை என்று சொல்லலாம், பிளாஸ்டிக் இல்லாத பலகை என்று சொல்லக் கூடாது.

தக்கைக்கு இன்று கிடைத்திருக்கும் மதிப்பான வேலை சுவர். தக்கைச் சில்லோடு சுண்ணாம்பையும் நீரையும் கலந்து, பலகை அச்சில் இட்டு மெல்லத் திணித்துக் காயவிட்டால் கிடைப்பதே ஹெம்ப்கிரீட். கான்கிரீட் என்பதன் வால் பெயரில் ஒட்டியிருப்பதால் அதைத் தூணாக எண்ணிவிடக் கூடாது. சாதாரண கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. ஹெம்ப்கிரீட் 300 முதல் 400 கிலோ அளவே. அழுத்த வலிமை மிகக் குறைவு. எடையைத் தூணும் உத்திரமும் தாங்க, இது இடையை நிரப்பும். பதிலுக்கு, அதிலுள்ள எண்ணற்ற காற்றறைகள் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது; சுவர் ஈரத்தை வாங்கி, வெளியே காய்ந்தால் திருப்பிவிடும்; சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூச்சியும் பூஞ்சையும் அண்டுவது குறைவு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த நம் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். எல்லோராக் குகைகளின் சுவர்ப் பூச்சில் கன்னாபிஸ் தண்டுத் துணுக்குகள் கலந்திருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பூச்சு பூச்சி அரிப்பிலிருந்து தப்பியதற்கு அக்கலவையே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இன்றைய வடிவில் ஹெம்ப்கிரீட்டைப் பிரான்சில் 1980களில் பழைய மரச்சட்ட வீடுகளைப் புதுப்பிக்கும்போது பயன்படுத்தத் தொடங்கினார்கள். காய்வதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும் என்பதே கட்டட ஒப்பந்தக்காரர்கள் முகம் சுளிக்கும் இடம்.

கரிமக் கணக்கும் இங்கேதான் தெளிவாகும். உலர்ந்த தண்டின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் கார்பன். ஒரு கிலோ கார்பன் சேர 3.67 கிலோ கரியமில வாயுவைச் செடி காற்றிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ஆக 8 டன் தண்டு என்றால் 13 டன் கரியமில வாயு. ஐரோப்பிய ஆணையம் ஹெக்டேருக்கு 9 முதல் 15 டன் என்று கூறுவதும் இந்த அளவிலேயே அமைகிறது. ஆனால் இது கடன் வாங்கிய காற்று. தண்டை எரித்தால் அன்றைக்கே திரும்பிப் போகும். துணி சில ஆண்டுகளில் கந்தலாகி மக்கும்போது போகும். சுவருக்குள் அடைத்த தக்கை சுவர் நிற்கும் வரை பிடித்து வைத்திருக்கும். அங்கேயும் ஒரு கழித்தல் உண்டு. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயு புகைபோக்கியில் போகும், சூளைக்கு எரித்த எரிபொருள் தனி. சுவரிலுள்ள சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்று நம்புவது அப்பாவித்தனம்.

காகிதத்தைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. சீனாவின் மிகப் பழைய காகிதங்களில் ஹெம்ப் நார் உண்டு. இன்றும் சில சிறப்புக் காகிதங்களில் உண்டு. நோட்டுப் புத்தகத் தாளில் மரக்கூழோடு விலையில் மோத அதனால் முடிவதில்லை. ஒரு ஏக்கர் ஹெம்ப் நான்கு ஏக்கர் காட்டுக்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் வருவது, அமெரிக்க வேளாண் துறை 1916இல் அன்றைய காடுகளை வைத்துப் போட்ட கணக்கு. அதன் பிறகு விரைவாக வளரும் தோப்பு மரங்கள் வந்துவிட்டன. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஹெம்ப் தாளில் எழுதப்பட்டது என்பதும் அப்படியே சுற்றும். கையெழுத்திட்ட அந்தப் பிரதி விலங்குத் தோலில் எழுதப்பட்டது. நல்ல பொருளுக்கு இத்தகைய பொய்ச் சான்றிதழ்கள் தேவையில்லை.

சென்ற பொங்கலுக்கு அல்சூர் வீட்டுக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன், தருமபுரிப் பக்கம் நிலம் வைத்திருப்பவன், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணா, மூன்று ஏக்கர் சும்மாதான் கிடக்கிறது, நான் போடட்டுமா?" என்றான். போடவே கூடாது என்றேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டப்படி, உரிமம் இன்றிக் கன்னாபிஸ் செடியை வளர்ப்பது 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். மாடித் தொட்டியில் வைத்தாலும் அதே குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாரும் விதையும் பெறும் தொழில் நோக்கத்துக்காக அரசு சாகுபடியை அனுமதிக்கலாம் என்கிறது. பூவோடும் காயோடும் கூடிய நுனிப்பகுதியைத்தான் கஞ்சா என்று அச்சட்டம் வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. போதை குறைந்த வகை, கூடிய வகை என்ற பேதத்தைச் சட்டம் செய்வதில்லை. அதை மாநிலங்கள் தம் விதிகளில் செய்துகொள்கின்றன. 2018இல் உத்தராகண்ட் முதன்முதலாக இத்தகைய உரிமம் வழங்கியது. அங்கே பௌரி கர்வாலில் ஹெம்ப்கிரீட் வீடு ஒன்றும் எழுந்திருக்கிறது. மலைக் கிராமங்களில் செடியின் விதையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை, டி.எச்.சி. வரம்போடு, உணவாக விற்கலாம் என்று விதி செய்தது. பெங்களூர்க் கடைகளில் ஹெம்ப் விதைப் பொட்டலம் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

சட்டம் நாளைக்கே திறந்தாலும் தம்பியின் நிலத்தில் இன்னொரு தடை இருக்கிறது, அது சூரியனுடையது. ஹெம்ப் பகல் குறையும்போது பூக்கும் செடி. பகல் நீளமாக இருக்கும்வரை தண்டு வளரும். குறைந்ததும் பூவுக்குத் திரும்பி உயரம் நின்றுவிடும். பிரான்சில் கோடையில் 16 மணி நேரப் பகல். பெங்களூரும் தருமபுரியும் இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஐரோப்பாவில் சான்றளிக்கப்பட்ட விதையை இங்கே விதைத்தால், முழங்கால் உயரத்திலேயே பூத்து நிற்க வாய்ப்புண்டு. நம் நாட்டில் தானாக வளரும் வகைகளுக்கு இந்தப் பகல் பழக்கமானது, ஆனால் அவற்றில் பல 0.3 சதவீதக் கோட்டைத் தாண்டுபவை. குறைந்த போதை, குறுகிய பகலுக்கு இசைவு, நெடிய தண்டு ஆகிய மூன்றும் ஒரே விதையில் சேர வேண்டும். அது ஓரிரு பருவத்தில் முடியும் வேலை அன்று.

சிக்பேட்டையில் ஹெம்ப் துணி என்று காட்டினால் எப்படி நம்புவது என்றும் கேட்பார்கள். நூலை எரித்துப் பார்ப்பது பயன்படாது. பருத்தி, லினன், ஹெம்ப், விஸ்கோஸ் எல்லாமே செல்லுலோஸ் என்பதால் ஒரே மாதிரி காகிதம் எரிந்த வாடைதான் வரும். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி உண்டு; வீட்டில் அதைவிட எளிய ஒரு விளையாட்டு உண்டு. நூலைப் பிரித்து ஒற்றை இழையை எடுத்து, நனைத்து, அதன் நுனி நம்மை நோக்கி இருக்கும்படி சூடான தோசைக்கல்லுக்கு மேலே பிடித்தால், காயக் காய அது தானாக முறுக்கிக்கொள்ளும். லினன் இழை கடிகார முள் திசையில் திரும்பும். ஹெம்ப் எதிர்த்திசையில் திரும்பும். சணலும் ஹெம்பின் திசையிலேயே திரும்புவதால், இது லினனை ஹெம்ப் என்று விற்பவரை மட்டுமே மாட்டிவைக்கும்.

தொடக்கத்தில் சொன்ன புளிச்சைத் தண்டுகளில் ஒரு கட்டு எடுத்து நானே பால்கனியில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். எட்டாம் நாள் என் மனைவி வாளியைச் சுட்டிக் காட்டிக் கெடு விதித்தாள். பத்தாம் நாள் தண்டை விரலால் உருவியபோது நார் முழு நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அலசிக் கொடியில் காயப்போட்ட நார் ஒரு கைப்பிடிதான் இருந்தது. அதைத் திரித்துத் துளசித் தொட்டிக்குக் கயிறு கட்டியாயிற்று. உரித்தபின் எஞ்சிய வெள்ளைக் குச்சிகள் ஒரு பெரிய கட்டாகச் செய்தித்தாளில் சுற்றிப் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.